ஒன்பதாவது ஒட்டு

அத்தியாயம் 6

எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும். அன்று காலை பதினொரு மணிக்குள் ஆறு பிஸ்கட்டும் இரண்டு வாழைப்பழமும் காலி. லாண்டரிக்காரம்மா சொன்ன கதை எப்படிப்பட்டது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதை நெருங்கும் வயது. வெந்நீரிலேயே ஊறிச் சிவந்த கைகள், மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. வந்ததும் வராததுமாக ஒரு இசைத்தட்டு உறையை மேஜைமேல் அறைந்தார்.

"படிங்க சார். சத்தமாப் படிங்க."

படித்தேன். வானொலி நிலையத்தின் முன்னாள் இசை இயக்குநர், பியானோமேல் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். 'அரிய வரலாற்றுப் பதிவுகள். நாற்பது நிமிடத் தனிப் பியானோ இசை.' இயற்றியவர் என்று அவர் பெயர் இரண்டு விரல் உயரத்தில். ஒலியைச் சீரமைத்தவர் பெயர் ஒரு விரல் உயரத்தில். அதற்கும் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், 'வாசித்தவர்: நிலையப் பணியாளர்.'

"அந்தப் பணியாளர் எங்கம்மா. இருபத்திரண்டு வருஷம் அங்க பியானோ வாசிச்சாங்க. இந்த இசையை எழுதினதும் அவங்கதான். எனக்கு அப்போ ஏழு வயசு. வீட்டுப் பியானோ அடியில உக்காந்து பொம்மைக்குத் தலை வாரிட்டு இருப்பேன். மேல ஒரு வரி வாசிப்பாங்க, தன்னைத்தானே திட்டிக்குவாங்க, அழிப்பாங்க, மறுபடி வாசிப்பாங்க. ரெண்டு வருஷம் சார்!"

"அவங்க எழுதின நோட்டு?" என்று கேட்டாள் அக்கா.

"யார்கிட்டயும் கொடுக்க மாட்டாங்க. பையிலயே வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்துடுவாங்க. பதிவு பண்ணின தட்டு மட்டும் நிலையத்துல இருந்துச்சு. நாலு வருஷம் கழிச்சு, இதே இசைக்காக இயக்குநருக்குப் பட்டம் கொடுத்தாங்கனு பேப்பர்ல வந்துச்சு. அம்மா போய் அவர் சட்டையைப் பிடிச்சுக் கேட்டாங்க. மறுநாளே வேலை போச்சு. வந்த ஆத்திரத்துல அந்த நோட்டைச் சுக்குநூறாக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. அன்னிக்கு மூடின பியானோவைச் சாகற வரைக்கும் திறக்கலை. அதுமேல துணி மடிச்சு வச்சுத்தான் எங்க லாண்டரியே ஆரம்பமாச்சு."

இயக்குநரும் இப்போது இல்லை. அவருடைய மகன் பழைய தட்டுகளைத் தூசி தட்டி எடுத்து, புதுசாக வெளியிடுகிறார். இன்று மாலை நாலு மணிக்கு விழா. லாண்டரிக்காரம்மா போய்ச் சண்டை போட்டதற்கு வக்கீலிடமிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்திருந்தது. நாற்பது பக்க இசைக்குறிப்பின் நகல். கடைசிப் பக்கத்தில் இயக்குநரின் கையெழுத்து, தேதி. தட்டுகள் பதிவானதற்கு ஒரு வருஷம் முந்தைய தேதி.

"முதல்ல அவர் எழுதினாராம். அடுத்த வருஷம் எங்கம்மா அதைப் பார்த்து வாசிச்சாங்களாம். இன்னொரு தடவை வாயைத் திறந்தா மானநஷ்ட வழக்காம். மானம் யாருக்கு சார் நஷ்டம்?"

நான் ஏழாவது பிஸ்கட்டை எடுத்தேன்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தியவள். சிவப்புப் பென்சில் இன்னும் காதிலேயே இருக்கும். நான் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன். ஒரு பெரிய மனிதரின் தொழிற்சாலையில் உண்மையான எண்ணை எழுதிவிட்டேன் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். அக்கா என்னை மீட்டர் என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் இசையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், சத்தமாக இருந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதுதான்.

ஆனாலும் அக்கா ஒன்றரை மணி நேரம் அந்தக் காகிதத்தைவிட்டுத் தலை தூக்கவில்லை. வட்டம் போட்டுக்கொண்டே போனாள்.

"மீட்டர், இங்க பாரு. கோடு போட்டுக் கட்டம் கட்டமாப் பிரிச்சிருக்கு. இந்த ரெண்டு கட்டத்துல இருக்கற புள்ளியெல்லாம் அடுத்த ரெண்டு கட்டத்துல அப்படியே மறுபடி இருக்கு. நாலாம் பக்கம், எட்டாம் பக்கம், பன்னிரண்டு... மொத்தம் எட்டு இடம்."

"பாட்டுன்னா பல்லவி திரும்பத் திரும்ப வரும்க்கா. இதுக்கா ஒன்றரை மணி நேரம்?"

"பல்லவி ஒரு வாக்கியம் முடிஞ்ச அப்புறம் வரும். இது வாக்கியத்துக்கு நடுவுல வருது. 'நான் நேத்து கடைக்கு நேத்து கடைக்குப் போனேன்'னு யாராவது எழுதுவாங்களா? எங்க அச்சகத்துல இது நடக்கும். அச்சுக் கோக்கறவர் டீ குடிக்க எழுந்து போவார். திரும்பி வந்து, எங்க விட்டோம்னு தெரியாம பழைய வரியையே மறுபடி கோத்துடுவார்."

"அப்போ இயக்குநர் எட்டு டீ குடிச்சிருக்கார்."

"அதேதான் கேள்வி. நாலு பக்கத்துக்கு ஒரு தடவை, அளந்து வச்ச மாதிரி, எதுக்கு நின்னாங்க?"

உறையில் ஒரு விரல் உயரத்தில் பெயர் போட்டிருந்த சீரமைப்பாளரைத் தேடிக் கிளம்பினோம். ஊரில் அவருக்குத் 'தட்டு டாக்டர்' என்று பெயர். சைக்கிள் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி ஆளுக்கு ஒரு ஜோடி துணிச் செருப்பு கொடுத்தார். நடக்கிற அதிர்வு ஊசிக்கு ஆகாதாம். தெருவில் ஒரு லாரி போனது. பேசிக்கொண்டிருந்தவர் கையைத் தூக்கி எங்களை நிறுத்திவிட்டு, அது போன பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேசினார். அந்தக் கையை அரசியல்வாதிகள் வீட்டு வாசலில் மாட்டிவைத்தால் நாடு உருப்படும்.

"அது இந்த ஊர் நிலையத்துக்கு டேப் வராத காலம். தட்டுல நேரடியா வெட்டித்தான் பதிவு பண்ணுவாங்க. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷத்துக்கு மேல பிடிக்காது. பெரிய இடத்துலன்னா ரெண்டு மெஷின் இருக்கும். ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு ஓடும், வாசிக்கறவங்க நிறுத்தவே வேண்டாம். இந்த நிலையத்துல ஒரே மெஷின்தான்."

"அப்போ நாற்பது நிமிஷ இசையை எப்படிப் பதிவு பண்ணுவாங்க?" என்றாள் அக்கா.

"பக்கம் முடியப் போகுதுன்னா சிவப்பு விளக்கு எரியும். அந்தம்மா கையை எடுத்துடுவாங்க. தட்டைத் திருப்பிப் போட்டதும், விட்ட இடத்துலேர்ந்து தொடங்காம, ரெண்டு கட்டம் பின்னால போய் அங்கேர்ந்து வாசிப்பாங்க. அப்போதான் பிற்காலத்துல என்னை மாதிரி ஒருத்தன் அந்த ரெண்டு கட்டத்தை வெட்டிட்டு ஒட்ட முடியும். பத்துப் பக்கம், ஒன்பது ஒட்டு. ஒட்டின இடத்தை நீங்க கண்டுபிடிச்சுட்டா இந்தக் கடையையே எழுதி வைக்கிறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கே புரிந்துவிட்டது என்றால் அது எவ்வளவு வெட்டவெளிச்சமாக இருந்திருக்க வேண்டும்! பதிவுக்கு ஒரு வருஷம் முன்னால் எழுதினதாகச் சொல்கிற நோட்டில், தட்டைத் திருப்பிப் போட்ட இடமெல்லாம் இருக்கிறது. பின்னாடி நடக்கப் போகிறதைக் கனவில் கண்டா எழுதினார் இயக்குநர்? தட்டைப் போட்டுக் கேட்டு யாரோ எழுதியிருக்கிறார்கள். கேட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இயக்குநர் ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பட்டம் கொடுத்தவர்களோ நோட்டை எடை போட்டுப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

துள்ளிக் குதிக்கப் போன என் காலை அக்கா மிதித்தாள்.

"ஒன்பது ஒட்டுன்னு சொன்னீங்க. நோட்டுல எட்டுதான் ரெட்டிச்சு வந்திருக்கு. ஒன்பதாவது எங்க?"

தட்டு டாக்டர் கையிலிருந்த பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அங்க... கொஞ்சம் கீறல்."

"வெட்டறதுக்கு முந்தின பதிவு கம்ப்யூட்டர்ல இருக்குமே. போடுங்க, கேப்போம்."

"அழிச்சாச்சு. அவரோட மகன் அழிக்கச் சொன்னார்."

"குப்பைன்னா அது பாட்டுக்குக் கிடக்கும். ஆள் அனுப்பி அழிக்கச் சொல்ல மாட்டாங்க. தட்டு எங்க?"

"விழா மண்டபத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. எனக்கு வேலை இருக்கும்மா." சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த உறையைப் பாருங்க சார். உங்க பேரு ஒரு விரல் உயரம். வாசிச்சவங்களுக்குப் பேரே இல்லை, பணியாளராம்! மாசக்கணக்கா அவங்க வாசிப்பைத்தானே காதுல வச்சுக் கேட்டுட்டு இருந்தீங்க? எப்படி சார் தூக்கம் வருது?"

உறையை அவர் மேஜைமேல் வீசிவிட்டு இறங்கினேன். பாதிப் படியில்தான் துணிச் செருப்போடு வந்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய்க் கழற்றிவைத்தேன். அவர் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவனுக்கு இது பெரிய அவமானம்.

"கெடுத்துட்டேனாக்கா?"

"இல்லை. பயந்தவன்னா நம்மளைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பான். முதுகைக் காட்டறவன் வெக்கப்படறான். ஊற விடு."

மண்டபத்தில் இருநூறு நாற்காலி. மேடையில் பெரிய பியானோ. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து கறுப்புத் தட்டு, அலங்காரத்துக்கு, தட்டைப் போட்டுக் கேட்கிற ஒரு பழைய கிராமபோன் பெட்டி. இயக்குநரின் மகன் கஞ்சி போட்ட சட்டையில் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் லாண்டரிக்காரம்மா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. கஞ்சி அளவு சரியில்லை என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அக்கா நேரே மேடைக்குப் பின்னால் போனாள். அந்த நோட்டைப் பார்த்து முதல் பகுதியை வாசிப்பதற்காக ஏற்பாடு செய்திருந்த பியானோக்காரப் பெண் அங்கே விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டுல எங்கயாவது உறுத்துச்சாம்மா?"

"உறுத்துச்சாவா? பைத்தியம் பிடிக்காத குறை! நல்லாப் போயிட்டு இருக்கும்போது திடீர்னு வந்த வழியே திரும்பச் சொல்லுது. கேட்டேன். 'அது அப்பாவோட பாணி, எழுதியிருக்கறபடி வாசி'ன்னார். அந்த மகனுக்கு நோட்டுப் படிக்கவே தெரியாது."

"ஒன்பதாவது ஒட்டு வர வேண்டிய முப்பத்தாறாம் பக்கம்?"

அவள் நிமிர்ந்தாள். "அது வேற மாதிரிங்க. ரெண்டு கட்டம் வருது. உடனே அதே ரெண்டு கட்டம் கொஞ்சம் மாறி வருது. முதல்ல வர்றது சுமார்தான். ரெண்டாவது... அடடா! யாரோ எழுதிட்டு, மனசு மாறித் திருத்தின மாதிரி இருக்கு. ஆனா திருத்தினதும் இருக்கு, அடிக்க வேண்டிய பழசும் இருக்கு."

அக்காவின் கை காதிலிருந்த பென்சிலுக்குப் போனது. "மீட்டர், புரூஃப்ல பிழை யாரு வேணும்னாலும் பார்க்கலாம். நல்லா இருக்கற வரியை அடிச்சுட்டு, இதைவிட நல்லா எழுதறது ஒரே ஒரு ஆள்தான். அதை எழுதின ஆள்."

நாலு மணிக்கு மகன் பேச ஆரம்பித்தார். அப்பாவின் தியாகம், அப்பாவின் தவம், அப்பாவின் கண்ணீர். என் பக்கத்தில் கைப்பையின் கைப்பிடி முறுக்கிக்கொண்டே போனது. பிறகு அந்தப் பெண் வாசித்தாள். நாலு நிமிஷம் எனக்குப் பசி மறந்துபோனது. இசை தெரியாதவனையும் நாற்காலியில் பிடித்து உட்காரவைக்கிற இசை. திடீரென்று தடுக்கி, வந்த வழியே இரண்டு அடி திரும்பி நடந்தது.

அக்கா எழுந்தாள். "ஒரு நிமிஷம். அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிம்மா."

"யாருங்க நீங்க?" என்றார் மகன்.

"புரூஃப் பார்க்கறவ." ஒளிவுமறைவில்லாமல் எல்லார் முன்னாலும் சொன்னாள். ஒரே மெஷின், சிவப்பு விளக்கு, திருப்பி வாசித்த இரண்டு கட்டம், ஒரு வருஷம் முந்தைய தேதி. மண்டபத்தில் சலசலப்பு. நான் கைதட்டத் தயாரானேன்.

மகன் சிரித்தார். அந்தச் சிரிப்பை உறையிலேயே பார்த்திருக்கிறேன், குடும்பச் சொத்து.

"எங்கப்பா எழுதின முதல் நோட்டு தொலைஞ்சு போச்சு. அதனால தட்டைக் கேட்டு மறுபடி எழுதவச்சார். தேதி பழைய நோட்டோட தேதி. அதுல என்ன தப்பு? என் கடிதத்தை என் குமாஸ்தா நகல் எடுத்தா, கடிதம் குமாஸ்தாவோடதா ஆயிடுமா?"

முன்வரிசைத் தலைகள் ஆடின. நான் சட்டைப்பையில் பிஸ்கட்டைத் தேடினேன். அக்காவின் எட்டு வட்டமும் அந்த ஒரு சிரிப்பில் போய்விட்டன.

"சரி, ஒன்பதாவது ஒட்டைப் போட்டுக் காட்டுங்க. கடைசித் தட்டு, பத்தாம் பக்கத்தோட ஆரம்பம்," என்றாள் அக்கா விடாமல்.

முதல் தடவையாக அந்தச் சிரிப்பு ஒரு ஓரத்தில் கழன்றது. "தட்டு நொய்ஞ்சு போயிருக்கு. ஊசி பட்டா உரிஞ்சுடும்னு சீரமைச்சவரே எழுதிக் கொடுத்திருக்கார்."

"எழுதிக் கொடுத்தது பொய்."

எல்லாரும் திரும்பினோம். நடுவழியில் தட்டு டாக்டர். தெருவெல்லாம் துணிச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார். ஒரு கையில் ஊசிப் பெட்டி, இன்னொரு கையில் நான் வீசிவிட்டு வந்த உறை.

"வெட்டினது நான்தான். இவர் வெட்டச் சொன்னார், வெட்டினேன். கேட்டுட்டு வெட்டினேன். அதுதான் பெரிய பாவம்." மேடையேறிக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

"தொடாதே! அது என் சொத்து!" என்று மகன் பாய்ந்தார்.

அதற்குள் லாண்டரிக்காரம்மா குறுக்கே போய் நின்றுவிட்டார். எப்போது எழுந்தார், எப்போது படியேறினார் என்று எனக்கே தெரியாது. "கையை வச்சுப் பாருங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. தினமும் முந்நூறு துணி தேய்க்கிற கை இடுப்பில் இருந்தது. மகன் நின்றுவிட்டார்.

தட்டு டாக்டர் கடைசித் தட்டை அந்தப் பழைய கிராமபோன் பெட்டியில் வைத்து, தான் கொண்டுவந்த ஊசியை மாட்டினார். ஊசி இறங்கியது. மழை மாதிரி கரகரப்பு. நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு பெண்குரல், எரிச்சலோடு:

"இருங்க. அந்த ரெண்டு கட்டம் சரியில்லை. மாத்தி வாசிக்கறேன்."

பதில் சொன்னது ஓர் ஆண்குரல். கணீரென்ற குரல். முன்வரிசையில் ஒரு பெரியவர் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வானொலியில் அவர் காலமெல்லாம் கேட்ட குரல் அது. இயக்குநரின் குரல்.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு? எழுதியிருக்கறபடியே வாசிங்களேன்."

"எழுதினது நான்தானே சார். எனக்குப் பிடிக்கலை."

"சரிம்மா. உங்க இசை, உங்க இஷ்டம்."

அப்புறம் பியானோ. திருத்திய அந்த இரண்டு கட்டம். அதைத் தொடர்ந்து கடைசி நாலு நிமிஷம். லாண்டரிக்காரம்மா மட்டும் அந்தப் பழைய பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார், ஏழு வயசில் உட்கார்ந்த மாதிரி. அழுவார் என்று நினைத்தேன். முகம் கோபத்தில் ஜிவுஜிவு என்றிருந்தது.

தட்டு நின்றதும் மகன் தொண்டையைச் செருமினார். "அடுத்த பதிப்புல உங்கம்மா பேரைச் சேர்த்துடலாம்."

"சேக்கறதா?" எழுந்து நின்றார் அந்தம்மா. "என் வீட்டுல நுழைஞ்சு எல்லாத்தையும் எடுத்துட்டு, எனக்கு ஒரு ஸ்டூல் போடறேங்கறீங்களா? இந்த உறை ஒண்ணுகூட வெளிய போகாது. உங்க வக்கீலை வரச் சொல்லுங்க. மானநஷ்டம் பத்தி இப்போ பேசுவோம்."

பியானோமேல் இருந்த, இயக்குநர் கையெழுத்துப் போட்ட அசல் நோட்டைப் பத்திரமாக எடுத்துத் தட்டு டாக்டரிடம் சாட்சிக்கு ஒப்படைத்துவிட்டு, அக்கா தன்னிடமிருந்த நகலைப் பியானோமேல் விரித்தாள். எட்டு இடத்திலும் திருப்பி வந்ததை அடித்தாள். முப்பத்தாறாம் பக்கத்தில் பழசை அடித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்து, கீழே இருந்த கையெழுத்தின்மேல் ஒரே கோடு. பென்சில் முனை ஒடிந்தது.

"பிழை முடிஞ்சுது," என்றாள்.

பியானோக்காரப் பெண் லாண்டரிக்காரம்மாவைப் பார்த்தாள். "எங்கேர்ந்தும்மா வாசிக்கட்டும்?"

"முதல்லேர்ந்து," என்றார் அவர். "எங்கயும் நிக்காம."